பொன்மணி எங்கே?

ட்வெய்ட்டாவின் மூன்று உயர்மாடிக் கட்டடங்களுள் ஒன்றில், எம்மவர்களால் 'ரீச்சர்' என்று மட்டுமே அழைக்கப்படும் மூதாட்டி ஒருவர் மகன் குடும்பத்துடன் வாழ்ந்து வருகின்றார். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பித்தவர். எழுபது வயதைக் கடந்துவிட்டார். இரு கண்களிலும் பார்வை மங்கிக்கொண்டு வருகின்றது. இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னர், சுரங்க ரயில் நிலையத்தருகே உள்ள கடைத்தொகுதியில் எம்மைக் கண்டு மறித்து, "தம்பி, நீர் கம்பசிலை படிப்பிச்சனீர், பேப்பரிலையும் எழுதுறனீர். பொன்மணி எண்டு ஒரு படம் வந்ததல்லோ, அதை எங்கையெண்டாலும் எடுக்கேலுமே?" என்று கேட்டார்.

ஏன் இந்தப் படம் என்று வினவினோம். 1977ஆம் ஆண்டு தாமும் தமக்கையாரும் யாழ்ப்பாணத்துக் கொட்டகையொன்றில் அதனைப் பார்த்ததாகவும், படம் ஓடிக்கொண்டிருக்கையில் தமக்கையார் இருளில் அழுததாகவும், வீடு திரும்பும் வழிநெடுகிலும் ஒரு சொல்லும் பேசவில்லை என்றும் கூறினார். தமக்கையாருக்குக் கடைசிவரை கலியாணம் நடக்கவில்லை. இருந்த சீதனக் காணி தங்கைக்கு எழுதப்பட்டது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் தென்மராட்சிக்குச் சென்ற இடத்தில் காய்ச்சல் கண்டு அவர் இறந்துபோனார். "அக்கா எந்த இடத்திலை அழுதவ எண்டு பாக்கவேணும். கண் முழுக்கப் போறதுக்கு முதல் பாக்கவேணும்" என்றார் ரீச்சர்.

எடுத்துத் தருவதாக வாக்களித்துவிட்டோம். ஒரு மாத வேலை என்று எண்ணிய இத்தேடல் இன்றும் முடிந்தபாடில்லை. தேடலின்போது கண்டறிந்தவற்றை வாசகர்களிடம் சொல்லிவைக்க வேண்டிய தேவை இருப்பதால் இதனை எழுதுகின்றோம்.

இளைய தலைமுறையினருக்காக முதலில் ஒரு விளக்கம். பொன்மணி, இலங்கையில் தயாரிக்கப்பட்ட தமிழ்த் திரைப்படம். இயக்கியவர் தர்மசேன பத்திராஜா. 'அஹஸ் கவ்வ' (1974), 'பம்பரு அவித்' (1978) ஆகிய படங்களால் சிங்களச் சினிமாவின் போக்கையே மாற்றியவர்களுள் ஒருவராகப் போற்றப்படும் இவர், எழுபதுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராகக் கடமையாற்றியவர். 2018இல் காலமானார். கதையை எழுதியவர் காவலூர் இராசதுரை. வளாகத்தோடும் இலக்கிய உலகோடும் தொடர்புடைய பலர் இதில் நடித்தனர். சர்வமங்களம் கைலாசபதி, மௌனகுரு, சித்திரலேகா மௌனகுரு, எழுத்தாளரும் மருத்துவப் பேராசிரியருமான நந்தி ஆகியோர் அவர்களுட் சிலர். யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பமொன்றின் பெண்களைச் சீதனமும் சாதியும் என்ன செய்கின்றன என்பதே படத்தின் பொருள். சாதி கடந்து காதலித்த பொன்மணி, கதை முடியும்போது உயிரோடு இல்லை. சண்டைக் காட்சியும் நகைச்சுவைத் துணைக்கதையும் எதிர்பார்த்துச் சென்ற பார்வையாளர்கள் ஏமாற்றத்துடன் திரும்பினர். படம் நெடுநாள் ஓடவில்லை.

ஒரு வெட்கத்தையும் இவ்விடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் படம் வெளிவந்த ஆண்டிலேயே நாமும் பிறந்தோம். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிய காலத்தில், ஈழத்துக் கலை முயற்சிகள் பற்றிப் பேசும்போதெல்லாம் பொன்மணியின் பெயரைத் தவறாது குறிப்பிட்டோம். யதார்த்தவாதம் என்றோம், மாற்றுச் சினிமா என்றோம். ஒரு தடவை முன்வரிசையில் இருந்த மாணவி, "சேர், நீங்கள் படம் பார்த்தனீங்களோ?" என்று கேட்டபோது, பார்த்தவர்கள் எழுதியதை வாசித்திருப்பதாகச் சொல்லிச் சமாளித்தோம். படத்தைக் காணாமலே அதன் பெருமையைப் பேசுவோர் எம்மிடையே ஏராளம். அவர்களுள் நாமும் ஒருவராக இருந்தோம்.

முதலில் ஒஸ்லோவில் தேடினோம். தொண்ணூறுகளில் இந்நகரில் ஒளிநாடா வாடகைக்குக் கொடுத்த தமிழ்க் கடைகள் இன்று இல்லை. அவற்றை நடத்தியவர்களிற் சிலர் இருக்கின்றனர். பொன்மணி என்றவுடன் ஒருவர் உற்சாகத்தோடு, "கார்த்திக்கும் சௌந்தர்யாவும் நடிச்சது, என்னட்டை இருக்குது" என்றார். அது 1993இல் சென்னையிலிருந்து வந்த 'பொன்னுமணி'. இரண்டாமவரும் அதனையே சொன்னார். மூன்றாமவர் வீட்டிலிருந்து ஒளிநாடாவையே எடுத்துவந்து கையில் திணித்துவிட்டார். இலண்டனில் உள்ள நண்பர் மூலம் விசாரித்தபோது அங்கேயும் பொன்னுமணிதான் அகப்பட்டது. இன்று எம்மிடம் அதன் மூன்று பிரதிகள் இருக்கின்றன. வேண்டுவோர் பெற்றுக்கொள்ளலாம்.

பின்னர் நண்பர்களின் நிலவறைகளுக்குள் இறங்கினோம். மாடிக் கட்டடங்களில் வாழ்வோருக்கு நிலவறையில் கம்பி வலையடித்த சிறு களஞ்சிய அறை ஒன்று உண்டு என்பதும், பனிச்சறுக்குக் கட்டைக்கும் குழந்தை வண்டிக்கும் பின்னால் இருபது முப்பது ஆண்டுகளாகத் திறக்கப்படாத பெட்டிகள் அங்கே கிடக்கின்றன என்பதும் வாசகர்கள் அறிந்ததே. ட்வெய்ட்டாவிலும் ஹவுகெருட்டிலும் புருசெட்டிலுமாக ஒன்பது அறைகளைத் திறந்து பார்த்தோம். எல்லாவற்றிலும் வி.எச்.எஸ். ஒளிநாடாக்கள் இருந்தன. ரஜினி, கமல், விஜயகாந்த் படங்கள். சாமத்தியச் சடங்குகள், கலியாண வீடுகள், அந்தியேட்டிகள். ஊரிலிருந்து வந்த திருவிழாப் பதிவுகள். கனடாவிலிருந்து வந்த பேத்தியின் பிறந்தநாள் நாடா ஒன்று, அந்நாட்டு ஒளிபரப்பு முறை வேறு என்பதால் இங்குள்ள எந்த வீடியோ டெக்கிலும் ஓடாமல், ஒரு தடவைகூடப் பார்க்கப்படாமலே கிடந்தது. ஒரு பெட்டியில் 'பொன்மணி' என்று நீலப் பேனாவால் எழுதப்பட்ட நாடாவைக் கண்டு எமக்குக் கை நடுங்கியது. போட்டுப் பார்த்தோம். பொன்மணி என்ற பெயருடைய பெண்ணொருத்தியின் பூப்புனித நீராட்டு விழா.

அவ்வளவு ஒளிநாடாக்களுக்கிடையே ஈழத்தில் தயாரிக்கப்பட்ட படம் ஒன்றேனும் இல்லை. 'குத்துவிளக்கு' இல்லை. வானொலி நாடகத்திலிருந்து படமாகி நாடு முழுவதும் சிரிப்பை வரவழைத்த 'கோமாளிகள்' இல்லை. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி எடுக்கப்பட்ட 'வாடைக்காற்று' இல்லை.

இந்நிலையில், நாம் சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு பிரதி வந்தது. எமது தேடலைக் கேள்வியுற்ற இளைஞர் ஒருவர் பல நாடுகளுக்குச் செய்தி அனுப்பி, இரு வாரங்களில் விரற்கடையளவு நினைவகக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். 'படம் இதற்குள்ளே இருக்கின்றது' என்றார். பழைய ஒளிநாடாவிலிருந்து இன்னொரு நாடாவுக்கும், அதிலிருந்து இறுவட்டுக்கும், அதிலிருந்து கணினிக்கும் எனக் கைமாறிக் கைமாறி வந்த பிரதி அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ரீச்சர் வீட்டுத் தொலைக்காட்சியில் அதனைப் போட்டோம். கறுப்பு வெள்ளைப் படம். ஆனால் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, எல்லாம் சாம்பல். முகங்கள் நீரில் கரைந்த மை போல் இருந்தன. ரீச்சர் திரைக்கு ஓர் அடி தூரத்தில் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து பார்த்தார். மகன் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். "இதிலை ஒருத்தற்றை முகமும் தெரியேல்லைத் தம்பி" என்றார் ரீச்சர். அவருடைய கண்ணின் குறையன்று அது. எமக்கும் தெரியவில்லை. சிறிது நேரத்தின் பின் கண்களை மூடிக்கொண்டு கதையைக் கேட்கத் தொடங்கினார். யாழ்ப்பாணப் பேச்சு அந்த வரவேற்பறையில் ஒலித்தது. முடிந்ததும், "கதை விளங்குது. ஆனால் அக்கா அழுதது ஒரு முகத்தைப் பாத்து. அந்த முகம் வேணும்" என்றார்.

அன்றிலிருந்துதான் மெய்யான தேடல் தொடங்கியது எனலாம். எமக்கு வேண்டியது படச்சுருள்.

சினிமாத் தொழில் அறியாதோருக்காக ஒரு சிறு குறிப்பு. படம்பிடிக்கும்போது உருவாகும் மூலச் சுருளே நெகட்டிவ். அதிலிருந்து திரையரங்குகளுக்கான பிரதிகள் எடுக்கப்படும். தமிழகத்துப் பெரிய படமாயின் பல பத்துப் பிரதிகள் போடுவர். எமது நாட்டுத் தமிழ்ப் படத்துக்கு விரல்விட்டு எண்ணத்தக்க பிரதிகளே போடப்பட்டன. அப்பிரதிகள் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை, மலையகம் எனக் கொட்டகை கொட்டகையாகச் சுற்றித் தேய்ந்தன. ஈரமும் வெப்பமும் மிகுந்த எமது காலநிலையில், உரிய குளிரறை இல்லையெனின், அக்காலத்துப் படச்சுருள் புளித்த காடியின் மணம் வீசச் சுருங்கி வளைந்து பாழாகிவிடும். நெகட்டிவ் பத்திரமாக இருந்தால் புதுப்பிரதி போடலாம். அது போய்விட்டால் தேய்ந்த பிரதியே கதி. அதுவும் போய்விட்டால் ஒளிநாடா. சாம்பல் நிற முகங்கள்.

நெகட்டிவுகள் என்னவாயின? 1983 ஜூலையில் எமது வீடுகளும் கடைகளும் எரிந்ததை எல்லோரும் அறிவோம். அந்த வாரத்தில் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோவும் எரிக்கப்பட்டது. அது கே. குணரத்தினம் என்ற தமிழருக்குச் சொந்தமானது. இலங்கைச் சினிமா வளர்ந்த தொட்டில்களுள் ஒன்று. தமிழன் சொத்து என்று வைத்த தீயில் சிங்களப் படங்களின் சுருள்களும் வெந்து போயின. யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்ததை உலகம் அறியும். நாமும் ஆண்டுதோறும் நினைவுகூருகின்றோம். ஸ்ரூடியோ எரிந்ததை எத்தனை பேர் அறிவர்? அறுபதுகளின் தொடக்கத்தில் 'சமுதாயம்', 'தோட்டக்காரி' என்று ஆரம்பித்து 1993 வரையில் எமது நாட்டில் ஏறத்தாழ முப்பது தமிழ்ப் படங்கள் தயாராயின. அவற்றின் வரலாற்றைத் தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' என்ற நூலில் பதிந்து வைத்திருக்கின்றார். அந்நூலை வாசிக்கலாம். நூலிற் பேசப்படும் படங்களிற் பலவற்றைப் பார்ப்பதற்குத்தான் வழி இல்லை.

தீயின் கதையோடு இதனை முடித்துக்கொண்டால் எமக்கு ஆறுதலாக இருக்கும். எரித்தவன் வேறொருவன், நாம் இழந்தவர்கள். ஆனால் நோர்வேயில் வாழ்வோர் அறிந்திருக்க வேண்டிய இரு செய்திகள் அந்த ஆறுதலைக் கெடுக்கின்றன.

டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் தியோடர் டிரேயர் 1928இல் எடுத்த 'ஜோன் ஒவ் ஆர்க்கின் பாடுகள்', உலகின் தலைசிறந்த படங்களுள் ஒன்று. முகங்களால் மட்டுமே ஆன படம் என்று சொல்லத்தகும். அதே ஆண்டில் பெர்லினில் ஏற்பட்ட தீவிபத்தில் அதன் நெகட்டிவ் எரிந்தது. டிரேயர் மனந்தளராது, கழித்து வைத்திருந்த காட்சிகளைக் கொண்டு படத்தை மீண்டும் தொகுத்தார். அந்த இரண்டாவது நெகட்டிவும் 1929இல் மற்றொரு தீயிற் சிக்கியது. தம் படத்தின் மூலவடிவம் தொலைந்தது என்ற நினைப்போடு 1968இல் அவர் இறந்தார். 1981ஆம் ஆண்டு, ஒஸ்லோவுக்குத் தென்மேற்கே அஸ்கரில் உள்ள டிக்கெமார்க் மனநல மருத்துவமனையில், அலுமாரி ஒன்றைத் துப்புரவு செய்யும்போது பழைய படச்சுருள் பெட்டிகள் சில வெளிப்பட்டன. அவை ஒஸ்லோவில் உள்ள நோர்வேத் திரைப்பட நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. மூன்று ஆண்டுகளின் பின் 1984இல் திறந்து பார்த்தபோது, தணிக்கையின் கத்தரி படுவதற்கு முந்தைய முழுப் படம் உள்ளே இருந்தது. இன்று உலகம் பார்ப்பது அந்தப் பிரதியைத்தான்.

இரண்டாவது செய்தி வடக்கே மூ இ ரானாவிலிருந்து வருவது. எண்பதுகளில் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிப் போன எம்மவர்களிற் பலர் அந்தச் சிறு நகரைக் கடந்தே சென்றிருப்பர். நோர்வேத் தேசிய நூலகம் அங்கே மலையைக் குடைந்து தன் களஞ்சியத்தை அமைத்துள்ளது. ஷாங்காயில் 1927இல் தயாரிக்கப்பட்ட 'சிலந்தி வலைக் குகை' என்ற சீன மௌனப் படம் உலகில் எங்கும் இல்லை என்று கருதப்பட்டு வந்தது. அதன் பிரதி ஒன்று, நோர்வே மொழி எழுத்துகளோடு, அந்தக் களஞ்சியத்தில் கிடந்தது. 1929இல் ஒஸ்லோவில் திரையிடுவதற்காகக் கொண்டுவரப்பட்டது அது. ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளின் பின், 2014இல் சீனாவுக்கு அதன் பிரதி கையளிக்கப்பட்டது. 1929இல் இந்நகரில் எத்தனை சீனர்கள் வாழ்ந்திருப்பார்கள்? தனக்கு விளங்காத மொழியின் படத்தை இந்த நாடு எறியாமல் வைத்திருந்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி இங்கு பொதுமக்களுக்கென வெளியிடப்படும் நூல், பத்திரிகை, ஒலிப்பதிவு, திரைப்படம் எல்லாவற்றின் பிரதியும் அந்நூலகத்துக்குச் சென்று சேரவேண்டும்.

எமது அயலாரையும் பார்ப்போம். சிங்களத்தில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1972இல் எடுத்த 'நிதானய' படத்தின் நெகட்டிவ் அழிந்துபோனது. எஞ்சியிருந்த பிரதிகளைக் கொண்டு 2013இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் அதனைப் புதுப்பித்தனர். சுமித்ரா பீரிஸின் 'கெஹெணு லமய்' (1978), மும்பையைச் சேர்ந்த திரைப்படப் பாரம்பரிய அமைப்பினால் புதுப்பிக்கப்பட்டு 2025இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. சிங்களத்திலும் அழிந்தவை அநேகம். ஆயினும் அவர்களிடையே கேட்பதற்கு ஆட்கள் இருந்தனர். எழுதினார்கள், அலைந்தார்கள், வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களின் கதவைத் தட்டினார்கள்.

பொன்மணியை யார் கேட்டார்கள்? இரண்டு ஆண்டுகளாக யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னை, இலண்டன், ரொறன்ரோ, சிட்னி எனத் தொலைபேசியில் விசாரித்து வருகின்றோம். கொழும்பில் ஓர் அலுவலகத்தில் ஐந்து முறை வெவ்வேறு மேசைகளுக்கு எமது அழைப்பு மாற்றப்பட்டு, ஆறாவது மேசையில் ஒருவர், "தமிழ்ப் படமா? நீங்கள் இந்தியாவில் அல்லவா கேட்கவேண்டும்?" என்று மரியாதையாகச் சொன்னார். அதனைவிட எமக்கு உறைத்தது எம்மவர் ஒருவர் சொன்னதுதான். படத்தை அக்காலத்தில் பார்த்தவர், நன்கு படித்தவர், எந்தப் பொது நிகழ்வுக்கும் முதல் ஆளாகக் கொடுப்பவர். "அந்தப் படத்தை ஏன் இப்ப கிண்டுறியள்? எங்கடை வீட்டுக் குப்பையைக் கிளற ஒரு சிங்களவன் வேணுமே?" என்று கேட்டார்.

அவருடைய கோபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. படம் வெளிவந்த 1977இலேயே தமிழருக்கு எதிரான வன்செயல்களும் நடந்தன. ஆறு ஆண்டுகளின் பின் 83 வந்தது. ஒரு சமூகம் உயிருக்குப் போராடும் வேளையில் அதன் உட்புண்களைச் சுட்டிக்காட்டும் படைப்பைத் தூக்கிக் கொண்டாட மனம் வராது. 'அதைப் பிறகு பார்ப்போம்' என்றோம். ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு பிழை உண்டு. அது அந்நியர் ஒருவர் தனியே வந்து எடுத்துப்போன படமன்று. எழுதியவர் தமிழர். நடித்தவர்கள் எமது ஆசிரியர்கள், எமது எழுத்தாளர்கள், அவர்தம் துணைவியர். யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து, எமது பிள்ளைகளுக்குக் கற்பித்த சிங்கள விரிவுரையாளர் ஒருவரும் தமிழ் அறிஞர்களும் கூடிச் செய்த முயற்சி அது. அப்படி ஒரு காலம் இருந்தது என்பதை நம்புவதற்கே இன்று சான்று தேவைப்படுகின்றது. சிங்களத் தரப்புக்கு அது தமிழ்ப் படம். எமக்கு அது சிங்களவர் எடுத்த படம். இரு தரப்பும் கைவிட்டன.

தப்பி ஓடியவர்கள் படச்சுருளைத் தூக்கிக்கொண்டா ஓடமுடியும் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. எவரும் தூக்கியிருக்க முடியாது. நாமே ஒரு கைப்பையோடுதான் வந்தோம். ஆனால் வந்து சேர்ந்த பின் நாம் எவற்றைத் தேடி எடுத்தோம் என்பதற்கு அந்த ஒன்பது நிலவறைகளும் சாட்சி. சென்னையில் வெள்ளிக்கிழமை வெளியான படத்தை அடுத்த கிழமையே ஒஸ்லோவில் பார்க்க வழி கண்டோம். ஊர்த் திருவிழாவைப் பதிவு செய்விக்கப் பணம் அனுப்பினோம். பொன்மணியில் சொல்லப்பட்ட சங்கதிகளையும் மறவாது கொண்டுவந்தோம். நோர்வேயில் பிறந்த பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது, 'ஊரிலை எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி?' என்று தொலைபேசியில் மெல்லக் கேட்கும் குரலை நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம். சீதனம் இங்கே 'நன்கொடை' என்றும் 'வீட்டுக்கு முற்பணம்' என்றும் பெயர் மாறியிருக்கின்றது. புலம்பெயர் பத்திரிகைகளின் மணமக்கள் விளம்பரங்களில் 'உயர்குல' என்ற சொல் அச்சாகும்போது எந்த ஆசிரியபீடமும் அதனைத் தடுத்ததாக நாம் அறியோம். நாம் பணிபுரிந்த பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. படம் தொலைந்ததில் தீக்குப் பங்குண்டு. மீதிப் பங்கை, அதில் எம் முகம் தெரியும் என்பதால் தேடாமலே இருந்துவிட்டவர்கள் ஏற்கவேண்டும்.

காலம் அதிகம் இல்லை. உலகில் வீடியோ டெக் தயாரித்த கடைசி நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்த நாடாவில் பதிந்தது ஆண்டுக்கு ஆண்டு மங்கிக்கொண்டே போகும். எழுபதுகளில் இதுபோன்ற படங்களோடு தொடர்புடையவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். காவலூர் இராசதுரை அவுஸ்திரேலியாவில் 2014இல் காலமானார். மறைந்தோரின் வீடுகளை ஒழுங்குபடுத்தும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். ட்வெய்ட்டாவில் ஒவ்வொரு வசந்த காலத்திலும் டுக்நாட் நடக்கும். வீட்டுக்காரர் எல்லோரும் கூடி முற்றம் கூட்டி, நிலவறைகளைத் துப்புரவு செய்வர். கட்டட வாசலில் பெரிய இரும்புத் தொட்டி ஒன்று கொண்டுவந்து வைக்கப்படும். சென்ற வசந்தத்தில் அந்தத் தொட்டியினுள் உடைந்த மேசைக்கும் பழைய மெத்தைக்கும் நடுவே தமிழ் எழுத்துள்ள ஒளிநாடாக்கள் நாற்பது ஐம்பது கிடப்பதைக் கண்டோம். தொட்டிக்குள் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த எம்மை, மேலிருந்து நோர்வே அயலவர் ஒருவர் கவலையோடு எட்டிப் பார்த்து, உதவி வேண்டுமா என்று கேட்டார். பாதி நாடாக்கள் மழையில் நனைந்துவிட்டிருந்தன. பெயர்கள் அழிந்திருந்தன. அவற்றில் என்ன இருந்தது என்று இனி அறிவதற்கில்லை.

எனவே இப்பத்திரிகையை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். இம்முறை தொட்டி வருவதற்கு முன்னர் உங்கள் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். ஈழத்துப் படம் எதுவாயினும், பொன்மணி என்றில்லை, 'நிர்மலா'வோ 'புதிய காற்று'வோ 'நான் உங்கள் தோழன்' ஆகவோ இருக்கட்டும், எறியாதீர்கள். பூஞ்சணம் பிடித்த நாடாவை ஆவலில் உடனே டெக்கில் போட்டுவிடாதீர்கள். நாடா அறுந்துவிடும், கருவியும் கெட்டுவிடும். உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு, அதனைப் பிரதிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். யாராவது உங்கள் உறவினர் கொட்டகை நடத்தியவராகவோ, படப்பெட்டி கொண்டு சென்றவராகவோ, கொழும்பில் பட விநியோகத்தில் வேலை பார்த்தவராகவோ இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். தகரப் பெட்டி எதனையாவது யாரிடமாவது ஒப்படைத்தாரா என்று கேளுங்கள். நூல்களையும் சஞ்சிகைகளையும் காப்பாற்ற 2005இல் சில இளைஞர்கள் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம முயற்சி இன்று ஆயிரக்கணக்கான ஏடுகளை எவரும் வாசிக்கத் தந்துகொண்டிருக்கின்றது. படத்துக்கும் அதுபோல ஒன்று முடியும். அதற்குப் பணத்துக்கு முன்னர் பொருள் வேண்டும். பொருள் உங்கள் நிலவறையில் இருக்கலாம்.

புதுப்பித்தற் பணியைச் செய்யும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் காப்பகங்களுக்கும் இதுவரை நாம் பதினொரு கடிதங்கள் எழுதியிருக்கின்றோம். நான்குக்குப் பதில் வந்தது. நான்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: சுருள் எங்கே இருக்கின்றது?

சென்ற கிழமை ரீச்சரைப் பார்க்கப் போனோம். வலது கண் முற்றாகப் போய்விட்டது. இடது கண்ணில் சத்திரசிகிச்சை செய்திருக்கின்றார்கள். பெரிய எழுத்து தெரிகின்றதாம். கையில் புதிய தகவல் எதுவும் இல்லாததால் நாம் தயங்கித் தயங்கி நின்றோம். அவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார். பிறகு, தாம் அந்தச் சாம்பல் பிரதியைப் பேத்தியின் உதவியோடு மேலும் மூன்று தடவை கேட்டுவிட்டதாகச் சொன்னார். பதினான்கு வயதுப் பேத்திக்குத் தமிழ் அரைகுறை. "அம்மம்மா, ஏன் அந்த அக்காவைக் கொல்லுகினம்?" என்று கேட்டாளாம்.

"என்ன சொன்னீங்கள் ரீச்சர்?" என்றோம்.

"சொல்லத் தொடங்கினன். ரெண்டு நாள் சொன்னன். இன்னும் முடியேல்லை" என்றார்.